ஏழு கடலும் நீலமாகிப்போன புத்தகம்

கோந்தும் பென்சில் சீவலும் மணக்கும் கைக்காரி, என் பேச்சிக்கு,

நம் புத்தகம் வந்துவிட்டது. இதை ஓடிவந்து மூச்சு வாங்கச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஆனால் அதைக் கையில் வைத்திருக்கவே முடியவில்லை. வழவழ அட்டையை மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு துண்டையும் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு பேர் பார்க்க எழுதுகிறவள் இல்லை நான் என்பது உனக்குத் தெரியும். கதைகூட நீ பிடுங்கி வாசித்தால்தான் உண்டு. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்தை நாலு பேர் பார்க்கத்தான் செய்தேன். அதனால் இதையும் எல்லோரும் பார்க்கட்டும்.

நாம் எடுத்தது எல்லோருக்கும் தெரிந்த பழைய கதைதான். ராட்சசன் இளவரசியைத் தூக்கிப்போகிறான். அவன் உயிர் அவனிடம் இல்லை. ஏழு கடல் தாண்டி ஒரு குகையில் இருக்கும் கிளிக்குள் இருக்கிறது. இளவரசன் போய்க் கிளியின் கழுத்தைத் திருகுவான், இங்கே ராட்சசன் விழுந்து சாவான். பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை கேட்டிருப்போம்? இருபத்தாறு வயசில் ஒரு நாள் நீதான் கேட்டாய்: “ஏளா கோமதி, அந்தக் கிளி என்னட்டி பாவம் பண்ணிச்சு?”

அந்த ஒரு கேள்விதான் நம் புத்தகம். இளவரசன் கழுத்தில் கை வைத்ததும் நம் கிளி வாயைத் திறக்கும். “என்னயக் கேட்டா அவன் உயிர எனக்குள்ள வச்சான்? அவன்கூடச் சண்டைன்னா அவன்கிட்டப் போ. என் கழுத்த ஏம்லே பிடிக்க?” இளவரசன் முழிப்பான். கிளி பறந்துவிடும். தன் உயிர் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டதே என்று பதறி, ராட்சசன் கையில் கொய்யாப்பழத்தோடு பின்னாலேயே ஓடுவான். “ஏ தாயி, பைய பற! கரண்டுக் கம்பியில மோதிராத!” அவன் அந்தப் பக்கம் ஓடியதும் இளவரசி கதவைத் திறந்துகொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போவாள். கடைசிப் பக்கத்திலும் கிளி பறந்துகொண்டிருக்கும். அதற்கு முடிவு என்று ஒன்று கிடையாது.

நீ படம் வரைந்த தாளைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும். அச்சில் அது தெரியவே இல்லை. மில்லில் நூல் சுற்றி வரும் அட்டைக் கூம்பு, அதுதான் கோன், ஒடுங்கியும் கிழிந்தும் போனதையெல்லாம் அங்கே வேலை பார்க்கும் உன் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். நீ அதை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, பசை விட்டதும் அடுக்கடுக்காக உரித்து, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்துக் காயவைப்பாய். பீடி இலை வெட்டும் கத்தரிக்கோலால் ஓரத்தைத் திருத்தினால் விசிறி மாதிரி ஒரு தாள் கிடைக்கும். கோனின் நுனியில் நூலின் ரகத்தைக் காட்டும் வண்ணப் பட்டை ஒன்று உண்டல்லவா? அதை நீ கடலாக்கினாய். ஏழு ரகம், ஏழு வண்ணம், ஏழு கடல். பச்சைக் கடல், மஞ்சள் கடல், ஊதாக் கடல். கடைசியில் சிவப்புக் கடல்.

இப்போது ஏழும் நீலம். விசிறியைச் சதுரமாக வெட்டிவிட்டார்கள். வெட்டியும் மூலைகள் வெறுமையாகத் தெரிந்ததால் கம்ப்யூட்டரில் செய்த மேகங்களையும், ஊசிக் கோபுரம் வைத்த ஏதோ வெள்ளைக்காரக் கோட்டையையும் ஒட்டியிருக்கிறார்கள். களக்காட்டு மலை மாதிரி நீ வரைந்த குகை அந்தக் கோட்டைக்குப் பின்னால் போய்விட்டது. நம் கறுத்த இளவரசியைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கிறார்கள். பதிப்பாளரிடம் கேட்டேன். “கடல்னா நீலம்தானம்மா” என்று சிரித்தார்.

ஆனால் என்னால் பொறுக்க முடியாதது இதெல்லாம் இல்லை, பேச்சி. கடைசிப் பக்கம். அங்கே நம் கிளி பேசுகிறது: “நாட்டு மக்கள் நலமாக வாழ என் உயிரை மகிழ்ச்சியோடு தருகிறேன். திருகுங்கள், இளவரசே.” அவன் திருகுகிறான். கீழே பூப்போட்ட கட்டத்துக்குள் ஒரு நீதி: பிறர் வாழத் தன்னைத் தருவதே உயர்ந்த வாழ்வு. அட்டையில் மட்டும் கொட்டை எழுத்தில் ‘குறும்புக் கதை வரிசை’.

வெளியீடு நடந்த மண்டபத்தில் அந்த வரிசையின் மற்றப் புத்தகங்களையும் புரட்டினேன். நரி கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறது. காக்கா போனில் வடைக்கு ஆர்டர் கொடுக்கிறது. இளவரசி குங்ஃபூ போடுகிறாள். எல்லாவற்றின் பின்னாலும் அதே பூக்கட்டம், அதே பெரியவர்களின் குரல். சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்து புதுச்சட்டை என்கிறார்கள். பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று எவ்வளவு நிச்சயமாக நம்புகிறார்கள்!

இவர்களை ஏசிவிட்டு நான் தப்பித்துப் போக முடியாது. நீ அறியாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும்.

போன வருஷம் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். உள்ளே உனக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பதிப்பாளர் போனில் வந்தார். “கத நல்லாருக்கும்மா. ஆனா முடிவு இல்லயே. பிள்ளையளுக்கு ஒரு நீதி வேணும்லா? கடைசியில மட்டும் லேசா மாத்திக்கிடுதேன்.” நான் “சரி அண்ணாச்சி” என்றேன். என்ன மாற்றம் என்றுகூடக் கேட்கவில்லை. சீக்கிரம் வந்தால் நீ ஒரு தடவை புரட்டிப் பார்ப்பாய் என்ற அவசரம். அது காரணம்தான், மன்னிப்பு இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் நீ இருந்தாய். கேட்டால் மாட்டேன் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. புத்தகமும் வரவில்லை. நீ போய் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

மேடையில் ஒருவர் உன்னைப் பற்றிப் பேசினார். குடும்பத்துக்காகத் தன்னையே கொடுத்த தாயாம் நீ. இந்தக் கிளியைப் போலவே சிரித்த முகத்தோடு போனாயாம். நீயா சிரித்த முகத்தோடு போனாய்? “எனக்குச் சாவ இஷ்டமில்லட்டி. என்னய எங்கயாவது கூட்டிட்டுப் போயிரு” என்று என் கையை நகம் பதியப் பிடித்தாயே! நீ எதையும் கொடுக்கவில்லை. உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனது நோய். அதைப் போய்த் தியாகம் என்று கைதட்டுகிறார்கள்.

அப்போதும் நான் எழுந்து எதையும் சொல்லவில்லை. கூட்டத்தில் முதல் வரிசையில் பள்ளிப் பிள்ளைகள். “நூலாசிரியையே வாசிப்பார்” என்று கையில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். வாசித்தேன், கடைசிப் பக்கம்வரை. கிளி சாவதை நல்ல உச்சரிப்போடு வாசித்தேன். கைதட்டினார்கள். மாமாவின் மடியில் உட்கார்ந்திருந்த உன் மகள் இசக்கி மட்டும் தட்டவில்லை. பால்பல் விழுந்த இடத்தில் நாக்கை விட்டுத் துழாவியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் உன் வீட்டில் சோறு பிசைந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். நீ ஊட்டும்போது கதையை நீட்டுவாயே, ஒரு வேளைச் சோற்றுக்குக் கிளிக்கு ஓர் ஊர் என்று? நீ போன பிறகு மாமா வேறு என்னென்னவோ கதை சொல்லி ஊட்டினார். இன்றாவது அதை எடுப்போம் என்று, “ராட்சசன் எங்கட்டி ஓடுதான்?” என்று ஆரம்பித்தேன். அவள் தட்டைத் தள்ளினாள்.

“எங்கன ஓடுவான்? கிளிதான் செத்துப்போச்சே.”

“அது… புஸ்தகத்துல சும்மா அப்படிப் போட்டிருக்காவ.”

“நீங்கதான வாசிச்சிய, சித்தி?”

அவள் சாப்பிடவே இல்லை. இரவுக்கும் வெறும் பால்தான். மறுநாளும் அந்தக் கதை வேண்டாம் என்றுவிட்டாள். நீ அவளுக்கு விட்டுவிட்டுப் போனதில் சாகாமல் இருந்தது அந்தக் கிளி ஒன்றுதான், பேச்சி. அதன் கழுத்தை என் வாயாலேயே திருகிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதிப்பாளர் கூப்பிட்டார். மறுபதிப்பு போடவேண்டுமாம், பள்ளி நூலகங்களுக்குப் போகுமாம். உன் சார்பில் மாமா மண்டபத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பழைய முடிவைப் போட்டால் தருகிறேன் என்றேன்.

“என்னம்மா நீங்க! சின்னப் பிள்ளைய புஸ்தகம். கிளி இருந்தா என்ன, செத்தா என்ன?”

“அப்போ என் கையெழுத்து கிடையாது அண்ணாச்சி. படங்களத் திருப்பிக் குடுத்திருங்க.”

“படமா? இங்கன எங்கயாவது கெடக்கும். தேடணும்.”

கெடக்கும் என்றார், பேச்சி. நீ ஊசி குத்திய கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு வரைந்த படங்கள்.

மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், வராந்தாவில் நான் சொன்ன ‘சரி’யையும் சேர்த்து. அவர் புத்தகத்தை வாங்கினார். உன் பெயர் அச்சாகியிருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். “அவ பேரு அச்சுல வந்திருக்கது இது ஒண்ணுதான் தாயி. அதையும் இல்லாம ஆக்கப்போறியா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? பிறகு மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தடவையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒரு கடல், இரண்டு கடல், மூன்று கடல்.

“செவப்பு எங்க?”

“எல்லாத்தையும் நீலமாக்கிட்டாவ மாமா.”

“செவப்பு நுனிக் கோனு எங்க மில்லுல அபூர்வம். மூணு மாசம் காத்துக்கெடந்து பொறுக்கியாந்தேன்.” புத்தகத்தை மூடிவைத்தார். “படத்த வாங்க என்னைக்குப் போற?” என்றார்.

“வியாழக்கிழமை மாமா.”

“எத்தன மணி பஸ்ஸு? நானும் வாரேன். அவன் தேடட்டும், நாம உக்காந்திருப்போம்.”

நேற்று மத்தியானம் மறுபடி சோறு பிசைந்தேன். இந்தத் தடவை சமாளிக்கவில்லை. “இசக்கி, அன்னைக்குச் சித்தி தப்பா வாசிச்சிட்டேன். கிளி சாகல. அவங்க மாத்துனாவ, நான் சரின்னுட்டேன். எம்மேல தப்பு” என்றேன். அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை.

“அப்போ இப்ப அது எங்கன இருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. கிளி விக்கிரமசிங்கபுரத்தில் கிளம்பியது தெரியும். எந்த ஊரில் நீ நிறுத்தினாய் என்பது உனக்கும் அவளுக்கும்தானே தெரியும்? “எனக்குத் தெரியாதுட்டி. நீ சொல்லு” என்றேன். அவள் பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவினாள். பிறகு, “முக்கூடல் பாலம்வர அம்மா கொண்டாந்தா. ராட்சசனுக்குக் கால் வலிக்குன்னு உக்காந்திருக்கான்” என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

மூன்று வாய் சாப்பிட்டாள். மூன்றுதான். அத்தோடு எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை உன் படங்களை வாங்காமல் அந்தப் படியை விட்டு இறங்க மாட்டேன். வேறு யாராவது அச்சுப் போடுவார்களா என்று தெரியவில்லை. போடாவிட்டால் பரணில் நீ உரித்துவைத்த வெற்றுத்தாள்கள் இருக்கின்றன. பக்கம் பக்கமாக என் கையாலேயே எழுதுவேன், உன் பெயரை முதலில் போட்டு. எனக்குச் சிவப்புக் கடல் வரையத் தெரியாது. அதனால்தான் உன்னுடையது கட்டாயம் வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன்: இனி யார் என்ன கேட்டாலும் உன்னைக் கேட்காமல் சரி சொல்ல மாட்டேன். நீ இல்லாத இடத்தில் இசக்கியைக் கேட்பேன்.

கிளி இப்போது பாலத்தைத் தாண்டிவிட்டது பேச்சி. நாளை சேரன்மகாதேவி.

உன் மகளுக்குச் சித்தி,
கோமதி