எந்த விமானம் என்று கேட்கவில்லை, மாப்ள

அன்பு மாப்ள முருகேசா,

சின்னமனூரிலிருந்து எழுதுகிறேன். இன்னும் மேகமலைக்கு ஜீப்தான் ஓட்டுகிறேன். முட்டி வலியைத் தவிர வேறு வளர்ச்சி இல்லை. எழுதக் காரணம் உன் மகள் செல்வி. நீ போனபோது கைக்குழந்தை, இப்போது தேனியில் நர்ஸ். சவுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. விமானம் என்றதும் உன் ஈஸ்வரி ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"அவுகளக் குடுத்தது போதும்ண்ணே. இவளும் போக வேணாம்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியுமா? தொண்ணூற்றாறு நவம்பரில், டெல்லியிலிருந்து சவுதிக்கு நீ ஏறிய விமானமும், டெல்லியில் இறங்க வந்த இன்னொன்றும் டெல்லிக்குப் பக்கத்தில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே மோதின. இரண்டிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்துவிட்டு, "யாரு பெத்த பிள்ளைகளோ" என்று சொல்லி ஈஸ்வரி உலை வைக்கப் போனாள். கிளம்புகிறவனை எங்கே, எதில் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று நம் வீடுகளில் கேட்பதில்லையே. நீ பையைத் தூக்கியபோதும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். நீ பம்பாய் வழியாகப் போகிறாய் என்றே நினைத்திருந்தோம். உன்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்டின் ஆள் வந்து சொன்ன பிறகுதான் அழுதோம்.

என்ன நடந்தது என்று பிறகு விசாரித்தேன். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அங்கே அப்போது ஒரே வழி. ஆயிரம் அடி இடைவெளியில் மேலே ஒன்று, கீழே ஒன்று போக வேண்டும். இறங்கி வந்தது, சொன்ன உயரத்தில் நிற்காமல் இன்னும் கீழே வந்துவிட்டது. தரையிலிருந்த ரேடார் உயரத்தைக் காட்டாது. நம் மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் ஒதுங்கியாவது நிற்பான்.

போன மாதம் ஈஸ்வரியே கேட்டாள். "இப்பவும் ஒரே ரோடுதானாண்ணே?"

"இல்லத்தா. போறதுக்கு வேற, வாரதுக்கு வேற. உயரம் காட்டுற ரேடார் வந்துருச்சு. பக்கத்துல ஒண்ணு வந்தா, நீ ஏறு, நீ எறங்குன்னு பிளேனுக்குள்ளயே மிஷின் சொல்லும். கீழருந்து சொல்றது புரியணும்ல, அதுக்குப் பைலட்டுகளுக்கு இங்கிலீஷ் பரீட்சை வேற வைக்கிறாக."

"இதையெல்லாம் அன்னைக்கே வச்சிருந்தா?"

நீயாவது சொல்லு மாப்ள. எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை பேர் செத்த பிறகுதானா புத்தி வர வேண்டும்?

சில நாள் போனது. பிறகு, "போகட்டும்ண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

போன வாரம் செல்வி கிளம்பினாள். சொந்தக்காரர்கள் வழக்கம்போல வாய் பேசாமல் நின்றார்கள். பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஈஸ்வரி வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "எங்க போற? எந்தப் பிளேனு? எத்தனை மணிக்கு?"

"சும்மா இரு ஆத்தா, கிளம்புற புள்ளைய" என்று உன் பெரியம்மா பதறினார். ஈஸ்வரி கையை விடவில்லை. செல்வி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மா திருப்பிச் சொல்லச் சொன்னாள், அதையும் சொன்னாள்.

"சரி, போயிட்டு வா."

செல்வி நல்லபடியாக இறங்கிவிட்டாள் மாப்ள. போனில் பேசினாள். இனி இந்த வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் கேட்டுத்தான் அனுப்புவோம். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஈஸ்வரிக்கு அண்ணனாகவும் செல்விக்கு மாமனாகவும் இங்கே இருக்கிற,
உன் மச்சான்.