பன்றி விரட்டிய குரல்

ஞாயிறு, இரவு

எங்கள் பேண்டில் கிடார் வாசிக்கும் கார்த்தி என் அத்தையின் குரலைத் திருடிவிட்டான். மரவள்ளிக் காட்டில் பன்றி விரட்ட அவள் போட்ட கூச்சலைப் போனில் பதிந்து, எங்கள் ராக் பேண்டின் முதல் பாட்டில் சேர்த்து யூடியூபில் ஏற்றியிருக்கிறான். கீழே "ஆதி மலைமக்களின் பிரார்த்தனை" என்று எழுதியிருக்கிறான். நாமக்கல் காலேஜ் பசங்கள் கேட்டு அழுதார்களாம்.

அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏங்கண்ணு, பன்னியத் திட்டுனதுக்கா அழுவறாங்க?" பிறகு கேட்டாள், "எம்பேரு எங்க போட்டுருக்குது?"

எங்கும் இல்லை. ஸ்பீக்கர் இரவல் கொடுத்தவன் பேர்கூட இருக்கிறது.

கார்த்தியைப் போனில் பிடித்தேன். "பேரு போட்டா அந்த மர்மம் போயிரும் மாப்ள. பாட்டு நல்லா ஓடுதில்ல?"

"அவங்க பேரு செல்லம்மா. இப்பவே போடு. இல்லீனா டிரம்ஸுக்கு வேற ஆளப் பாரு."

நான் சொன்னதைக் காதில் வாங்காமல் மறுமுனையில் கிடாரை மீட்டிக்கொண்டிருந்தான்.