கை ஊன்றாமல் விழுகிற மருமகன்

வில்லரே, மொன்றியல், கனடா
12.09.2004

அன்பு மகள் றொஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பாவின் இடுப்பு மட்டும் சுகமில்லை, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். நீயும் மருமகனும் கியோத்தோவில் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுமென்று மடு மாதாவை நாளும் மன்றாடுகிறேன். மருமகன் இந்தக் கிழமை எத்தனை தரம் செத்தார் என்று மறக்காமல் எழுது, ஏனென்றால் செபமாலையில் அவருக்காக எதை ஒப்புக்கொடுப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு நீண்ட ஆயுள் கேட்பதா, செத்தவருக்கு ஆன்ம இளைப்பாற்றி கேட்பதா? சுவாமியாரிடம் கேட்கலாமென்றால் அவர் பாவம், ஏற்கெனவே களைத்துப்போனவர்.

உன் கடிதமும் மருமகன் நடித்த தொடரின் வீடியோக் கசெட்டும் திருவிழாவுக்கு முதற்கிழமை கிடைத்தன. மருமகன் மசாவோவுக்கு முதல்முறையாகப் பெயருள்ள பாத்திரமும் ஒரு வசனமும் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். இருட்டில் நின்று “யார் அங்கே?” என்று கேட்டுவிட்டு உடனே வெட்டுப்பட்டுச் சாகவேண்டுமாம். நல்லது. பத்தொன்பது வயதில் ஸ்ரூடியோவுக்குள் போன மனிதன், பல்லக்குத் தூக்கி, ஆற்றில் மிதக்கும் பிணமாகி, ஒருநாள் திருடனாகவும் மறுநாள் திருடனைத் துரத்துகிறவனாகவும் ஓடி, வாள்காரர் கூட்டத்தில் கரையிலே நின்று வெட்டு வாங்கி, நாற்பது வயதில் இரண்டு சொல்லுக்கு உயர்ந்திருக்கிறார். இந்த வேகத்தில் போனால் பென்ஷன் எடுக்கிற காலத்தில் ஒரு முழு வாக்கியம் பேசிவிடுவார். வாள்ச்சண்டைத் தொடர்கள் இப்போது குறைகின்றன, ஆனபடியால் தோக்கியோவுக்குப் போய்ப் பொலிஸ் நாடகமொன்றில் வெந்நீர்க் குளத்தில் முகங்குப்புறக் கிடந்தார் என்றும் எழுதினாய், வயிற்றுவலி மருந்து விளம்பரத்தில் வந்தார் என்றும் எழுதினாய். அந்த விளம்பரத்தில் மருந்து குடித்துச் சுகப்படுகிறவர் வேறு ஆள், நம்முடையவர் குடிக்காமல் துடிக்கிறவர் என்பதை மட்டும் கடைசி வரியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாய். பிள்ளை, நீ என் மகள்தான், சந்தேகமே இல்லை.

அதே கடிதத்தில்தான் அந்த மற்ற விஷயமும் இருந்தது. ஈஸ்ரருக்கு இரண்டுபேரும் வரலாம், ஆனால் அப்பா தன் கையால் ஒரு வரி எழுதிக் கேட்டால்தான் வருவோம் என்று. உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் வெளியில் தேடத் தேவையில்லை, அது என் சோபாவிலேயே படுத்திருக்கிறது. நீ கோயிலில் தாலி கட்டாமல் அங்கே ஏதோ பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்த நாளிலிருந்து உன் அப்பா ஞானேந்திரன் அவர்கள் உன்னோடு கதைக்கவில்லை. நீ ரெலிபோன் எடுத்தால் வாசலுக்கு வெளியே இரும்புப் படியில் போய் நிற்பார், மாசி மாதக் குளிரிலும் தொப்பியில்லாமல் நிற்பார். மருமகனுக்கு அவர் வைத்த பெயர் “உம்மட மகளின்ர ஆள்”. கலியாணப் படத்தைக் கண்ணாலும் பார்க்கமாட்டேன் என்று சொன்னவர். ஆனால் வெளியில் யாராவது மருமகனுக்கு என்ன வேலை என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்தி, “ஜப்பானில பெரிய நடிகர்” என்று விடுவார். வீட்டில் பெயர் சொல்லக் கூடாதவர், யோசெப்பின் தெப்பனர்க் கடையில் பால் வாங்கப் போனால் பெரிய நடிகர். இந்த நடிப்புக்கு யார் விருது கொடுப்பது?

இப்போது நடந்ததைக் கேள். மடு மாதா திருவிழாவுக்குப் பந்தற்காரர் போல ஓடித்திரிகிற வலன்ரைன் அண்ணை வீட்டுக்கு வந்தவர், ரீவியின் மேலே உன் கசெட்டைக் கண்டுவிட்டார். அவரைத் தெரியும்தானே, பெரிய வெள்ளிக்கு நாங்கள் போடுகிற இயேசுவின் பாடுகளின் நாடகத்தைப் பழக்குகிறவர், தனக்குத் தலைமைச் சீடர் இராயப்பர் வேஷத்தை ஆயுளுக்கும் எழுதி வைத்துக்கொண்டவர். ஜப்பான் நடிகர் வீட்டுக் கசெட் என்றதும் கண் மின்னிவிட்டது. பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு நடக்கும்போது எல்லோருக்கும் போட்டுக் காட்டுவோம் என்றார். அப்பா வேண்டாமென்று சொல்லியிருக்கலாம், வாய் இருக்கிறது. ஆனால் இத்தனை காலம் அடித்துவிட்ட புளுகு தொண்டையில் நிற்கும்போது எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும், இப்படி ஒரு பகிடிக்கு நான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. தூரத்து ரொக்ஸ்பரோவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள், மாதாவுக்காகவா மருமகனுக்காகவா என்று மாதாவுக்குத்தான் தெரியும். படத்தில் வெள்ளை உடுப்போடு, நல்ல உயரமாய், குடையோடு ஒரு மனிதன் மழையில் நடந்து வந்தான். உடனே கைதட்டு. அல்போன்சம்மா அக்கா என் கையைப் பிடித்து, “எடியே, நல்ல வடிவான மருமகனடி, ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனி” என்றா. நான் றோல்ஸ் தட்டைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றேன். அப்பா முன்வரிசையில் காதெல்லாம் சிவந்து இருந்தார். அந்த வடிவான மனிதன் வாளை உருவினதும் எட்டுப் பத்துப் பேர் ஓடிவந்தார்கள், அதில் தலையை மொட்டையடித்துக்கொண்டு கத்திக்கொண்டு வந்த ஆள்தான் நம்முடைய பெரிய நடிகர். வந்தார், வெட்டு வாங்கினார், அப்படியே வில்லாக வளைந்து பின்பக்கமாய் விழுந்தார், முடிந்தது. நான் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கொஞ்ச நேரத்தால் வேறு சண்டையில் மீசை ஒட்டிக்கொண்டு திரும்பவும் வந்து, திரும்பவும் அதே வளைவில் செத்தார். பெரியவர்கள் கவனிக்கவில்லை, பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாந்தரம் தொப்பியோடு அவர் வந்ததும் “திரும்பவும் அவர்!” என்று பிரெஞ்சில் ஒரே கத்தல். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. யோசெப் திரும்பி, “ஞானேந்திரன் அண்ணை, உங்கட மருமகன் கடைசியில வெல்லுவார்தானே?” என்று கேட்டார், அவர் கேட்டது குடைக்காரனை.

அப்போதுதான் அப்பா எழும்பினார். நான் நினைத்தேன், பேசாமல் வெளியே போய்விடுவார் என்று. அவர் ரீவியடியில் போய் நின்றுகொண்டு, “அவரில்லை. விழுந்தவர்தான் என்ர மருமகன். மொட்டை, மீசை, தொப்பி, மூண்டும் அவர்தான்” என்றார். கலியாணப் படத்தையே பார்க்காதவர், மீசையும் ஒட்டித் தொப்பியும் போட்ட ஆளை எப்படி அடையாளம் கண்டார் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. றோல்ஸ் தட்டைக் கொண்டுபோய் அல்போன்சம்மா அக்காவின் மடியில் வைத்துவிட்டேன் பிள்ளை. வலன்ரைன் அண்ணை சும்மா இருப்பாரா, “உவர் சும்மா விழுறவரோ?” என்று சிரித்தார். அப்பாவுக்கு வந்ததே கோபம். “சும்மா விழுறதோ? உங்கட நாடகத்தில ஒவ்வொரு வருசமும் நான்தானே விழுறன். ஒருக்கால் கை ஊண்டாமல், பின்னுக்குத் திரும்பிப் பாக்காமல் விழுந்து காட்டும் பாப்பம். ஒருக்கால்.” அவர் சொன்னது சரிதான், உனக்கு ஞாபகமிருக்கும். தோட்டத்தில் இயேசுவைப் பிடிக்க வருகிற படைவீரர்கள் பின்வாங்கி விழுகிற கட்டத்தில் அப்பா எப்படி விழுவார்? முதலில் பின்னுக்குப் பார்ப்பார், பிறகு கையை நிலத்தில் வைப்பார், பிறகு நாற்காலி தேடுகிறவர் மாதிரி மெல்ல இருப்பார், அட்டை மார்க்கவசம் நெளியாமல் சரிசெய்துவிட்டுத்தான் படுப்பார். சின்ன வயதில் நீயே கோயிலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள். அப்படிப்பட்டவர் ரிமோட்டை வாங்கி, கசெட்டைப் பின்னுக்கு ஓட்டி, மண்டபத்துக்கே பாடம் எடுத்தார். இடுப்பைப் பாருங்கோ, கையைப் பாருங்கோ, தலை நிலத்தில முட்டுதோ பாருங்கோ என்று. குடைக்காரன் கடைசியில் வென்றானா தோற்றானா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகள் மட்டும் ஒவ்வொரு சாவுக்கும் கை தட்டினார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. போன வியாழன் நான் கார்தறியில் பிள்ளைகள் பார்க்கிற வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், சோபா மெத்தைகள் எல்லாம் நிலத்தில், அவற்றுக்கு ஒரு முழம் தள்ளி உன் தகப்பன். கை ஊன்றாமல் விழுந்தாராம். ஊன்றவில்லை என்பது உண்மை, மெத்தையிலும் விழவில்லை என்பதும் உண்மை. டொக்டர் எலும்பு உடையவில்லை என்றார், என்ன செய்து விழுந்தீர்கள் என்று கேட்டார். ஜப்பானிய வாள்வீரனாக என்று நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருந்தது, அதை மொழிபெயர்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாயிருந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது பேக்கரிப் பாண் லொறி ஓட்டுகிற வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்து, காலையிலும் பின்னேரத்திலும் உன் புருஷன் சாகிறதைப் பார்க்கிறார். நேற்று நான் கோப்பி கொடுக்கப் போனபோது தன்பாட்டில், “இவ்வளவு காலமும் இப்பிடி விழுந்தால் இவருக்கும் இடுப்பு, நாரி எல்லாம் நோகும்தானே” என்றார். இவர் என்றார், பிள்ளை. மகளின்ர ஆள் என்று சொல்லவில்லை. நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, வெங்காயம் வெட்டினேன் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் கேட்கிறேன், அவருக்கு உண்மையிலேயே நாரி நோகிறதா? நோகும்போது என்ன பூசுகிறாய்? அவர் சொல்லமாட்டார், சொல்லாத ஆண்களோடு சீவிப்பது எப்படியென்று என்னைக் கேள். அந்த இரண்டு சொல் வசனத்தை அவர் வீட்டில் சொல்லிப் பார்த்தால் நூறாந்தரமும் நல்லாயிருக்கிறது என்று சொல்லு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, படத்தில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. சோறு இருக்கிற நாட்டில் இருந்துகொண்டு மெலிகிற பிள்ளை நீ ஒருத்திதான். தம்பி றொக்சனுக்கும் ஒரு கடிதம் போடு, நீ தமிழில் எழுதினால் அவன் வாசிக்கமாட்டான், பரவாயில்லை, என்னிடம் கொண்டுவந்தாவது காட்டுவான், அந்தச் சாட்டிலாவது அவன் முகத்தைப் பார்க்கலாம்.

ஒரு வரி கேட்டாய். இந்தக் கடிதத்தை ஒட்டாமல் இரண்டு நாள் சோபாவுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன், பேனையையும் வைக்கிறேன், கீழே இடமும் விடுகிறேன். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வெறுமையாக வந்து சேர்ந்தால் கோபிக்காதே, இடுப்பு நோ என்று எடுத்துக்கொள். மாதா உங்கள் இருவரையும் தன் சேலைத் தலைப்பால் மூடிக் காக்கட்டும். மருமகன் எத்தனை தரம் விழுந்தாலும் ஒவ்வொரு தரமும் எழும்பி வீட்டுக்கு வரட்டும். நாரிக்குப் பூசுகிற மருந்தின் பெயரை எழுத மறவாதே, இங்கே ஒரு பெரிய நடிகருக்கு அவசரமாய்த் தேவை.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
கிறேஸ் ஞானேந்திரன்

மகள்,
அம்மா எழுதினதில் பாதி புளுகு. மெத்தையில் அரைவாசி விழுந்தனான். பெரிய வெள்ளி நாடகத்துக்குப் படைவீரருக்கு ஆள் காணாது, இந்த இடுப்போடு என்னாலும் இனி விழ ஏலாது. நீங்கள் தவக்காலம் தொடங்கவே வந்தால் ஒத்திகை பார்க்கலாம். “யாரைத் தேடுகிறீர்கள்?” என்று இயேசு கேட்க, “நாசரேத்து இயேசுவை” என்று ஒரு வசனம் எனக்கு இருக்கிறது. வேறு வசனம் அவர்கள் எனக்கு ஒருநாளும் தரவில்லை. அதை மருமகனுக்கு விட்டுவிட்டேன், வலன்ரைனுக்கும் சொல்லியாயிற்று. இரண்டு சொல்தான், நீ இப்பவே பழக்கு. விழுகிறதை அவர் எங்களுக்குப் பழக்கட்டும்.
அப்பா