நடுவில் நிற்காத வண்டி

காமாட்சியம்மன் துணை

தாமல்
கார்த்திகை 12

அன்பு மகன் வேணுகோபாலுக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீ உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடு. உனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஏலவார்குழலி நன்றாக இருக்கிறாள், பால் கொடுக்கிறாள். உன் அப்பாவுக்குத் தோளில் அடி, கட்டுப் போட்டிருக்கிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை. புயலில் கம்பங்கள் சாய்ந்து தந்தி போகவில்லை என்று தபாலாபீசில் கையை விரித்துவிட்டார்கள், பேப்பரில் நம் பக்கத்து வெள்ளத்தைப் படித்து நீ என்ன பாடு பட்டாயோ. இனி எழுதுவதை நிதானமாகப் படி, கோபம் வந்தால் அது என்மேல் வரட்டும், அப்பா மேலும் தம்பி மேலும் வேண்டாம், ஏனென்றால் நீ சொன்ன வண்டியை நாங்கள் வாங்கவில்லை.

பிரசவத்துக்கு முன்னால் ஒரு பிளஷர் கார் வாங்கி வாசலில் நிறுத்தியாக வேண்டும், மறுபடியும் மாட்டுவண்டியை நம்பக் கூடாது என்று நீ ஆடி மாதம் எழுதியிருந்தாய். உன் மனசு எனக்குத் தெரியாதா. ஏரி நிரம்பிக் கலங்கலில் மிச்சத் தண்ணீர் வழிந்தால் நம் தெருவிலிருந்து தார் ரோட்டுக்குப் போக அந்த ஓடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். முதல் பிரசவத்தில் ஓடை நடுவில் மாடுகள் மிரண்டு நின்றதும், அடித்தும் இழுத்தும் நகராததும், ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வயிற்றிலேயே அடங்கிப் போயிருந்ததும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அப்பா காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் காரைப் பேசி வைத்தார், பச்சை நிறம், கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தார்கள். பின் சீட்டில் உட்கார்ந்து அவர் மெத்தையைத் தடவிப் பார்த்தபோது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், இப்போது நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது. உன் தம்பி அப்பாதுரைக்கோ வேறு வண்டி மேல் கண். திருப்பருத்திக்குன்றத்து நயினார் ஒருவர் மிலிட்டரி ஏலத்தில் எடுத்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பழைய ஜீப். கதவு கிடையாது, மேலே கித்தான், அதில் போனால் முதுகெலும்பை எண்ணிக்கொண்டே போகலாம்.

நான் இரண்டையும் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு ஓடையில் இறங்கி நான் மாட்டைப் பிடித்து இழுத்தபோது தண்ணீர் என் முழங்காலுக்கு மேலே இருந்தது, அது என் உடம்புக்கு நினைவு இருக்கிறது. காருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் கதவுக்குள் புகுந்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றால் அந்த உயரம் அதன் தரைப் பலகையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் பலகை போட்டால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம், காரில் மடங்கித்தான் கிடக்க வேண்டும். ரிப்பேர் என்றால் காஞ்சிபுரத்திலேயே கை வைக்க ஆள் உண்டு என்று அப்பாதுரையும் சொன்னான். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மருமவள இந்தத் தகர டப்பாவுல ஏத்திக்கினு போனா ஊரு சிரிக்கும், பிலாயிலிருந்து அவன் இன்னா கேப்பான்" என்று கத்தினார். வீட்டில் யாருக்கும் யாரோடும் பேச்சு இல்லாமல் போயிற்று. கடைசியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற குழலிதான் வாயைத் திறந்தாள். "அத்தே, எனக்கு மெத்தையும் வேணாம், கண்ணாடியும் வேணாம். நடுவுல நிக்காத வண்டி எதுவோ அத வாங்குங்க" என்றாள். ஜீப் வந்தது. அப்பா அதில் ஏறவே மாட்டேன் என்று காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸிலேயே போய் வந்துகொண்டிருந்தார். அண்ணனுக்கு எழுதாதீர்கள், வந்து நேரில் பார்க்கட்டும் என்று அப்பாதுரை சொன்னதை நானும் கேட்டுக்கொண்டேன்.

ஐப்பசிக் கடைசியில் பிடித்த மழை விடவே இல்லை, அதோடு புயலும் சேர்ந்துகொண்டது. ஏரி கடல் மாதிரி ஆகிக் கலங்கல் வழியும் இரைச்சல் வீட்டுக்குள் கேட்டது. அப்பாதுரை ஜீப்பைக் கோவில் மேட்டில் ரோட்டைப் பார்க்க நிறுத்தி வைத்திருந்தான். காலையில் நான் அடுப்பு மூட்டும்போது குழலிக்கு வலி கண்டது. நாள் இன்னும் இருக்கிறதே என்று நினைத்தேன், ஆனால் அவள் சுவரைப் பிடித்த பிடியைப் பார்த்ததும் இது வேறு வலி என்று தெரிந்துவிட்டது. பலகை போட்டு, வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்துப் படுக்க வைத்தோம். ஜீப்பில் ஏற மாட்டேன் என்ற உன் அப்பா யாரும் கூப்பிடாமலே முன்னால் ஏறி உட்கார்ந்தார், கையில் கயிறும் கடப்பாரையும்.

ஓடைக்கு வந்து சேர்ந்தோம். ரோடு எங்கே, ஓடை எங்கே ஒன்றும் தெரியவில்லை, ஓரத்துக் கல்லெல்லாம் மூழ்கி ஒரே செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. கரையில் காலனியிலிருந்து வந்த அம்சா, நம் வயலில் நாற்று நடுகிறவள், நின்றுகொண்டிருந்தாள், தோளில் அவள் பெண் குழந்தை. குடிசைக்குள் தண்ணீர் வந்து, கூரையில் ஏறிய விரியன் பாம்பு குழந்தையின் காலில் கடித்துவிட்டதாம், புருஷன் வேலைக்குப் போன ஊரில் மாட்டிக்கொண்டான். "அம்மா, எம்புள்ளய உட்றாதீங்கம்மா" என்று வண்டியைப் பிடித்துக்கொண்டாள். உன் அப்பா, "பாரம் ஏறினா வண்டி நின்னுடும்பா, மொதல்ல இவள சேத்துட்டு வந்துடலாம்" என்றார். திரும்பி வர வழி இருக்குமா என்று அவருக்கும் தெரியாது. எனக்கு உன் பிள்ளை ஒரு பக்கம், அந்தப் பிள்ளை ஒரு பக்கம். படுத்திருந்த குழலி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏத்துங்க மாமா, ஒண்ண உட்டுட்டு வந்து நான் ஒண்ணப் பெக்கணுமா" என்றாள். அப்பாதுரையும், "ஏறட்டும்பா, பாரம் இருந்தாத்தான் தண்ணி நம்மளத் தள்ளாது" என்றான். நம் வாசற்படி தாண்டி உள்ளே வந்தறியாத அம்சா என் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தாள்.

அப்பாதுரை முன்மூடியைத் திறந்து விசிறிப் பெல்ட்டைக் கழற்றினான், இல்லாவிட்டால் விசிறி தண்ணீரை வாரி இன்ஜின் மேல் அடிக்குமாம். ரோட்டைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் முன்னால் போக வேண்டும். அப்பா இறங்கிக் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறு முனையை ஜீப்பின் முன்கம்பியில் கட்டச் சொல்லிவிட்டு, கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே தண்ணீரில் நடந்தார். அவர் பின்னால் வண்டி ஊர்ந்தது. பாதி தூரம் போனதும் எங்கள் காலடிப் பலகை மேல் தண்ணீர் ஓடியது, வைக்கோல் மிதந்தது. அப்போது அப்பாவைக் காணோம் வேணு. கண் மூடித் திறப்பதற்குள் காணோம், கயிறு மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. ரோட்டை அறுத்துப் பள்ளம் பறித்திருக்கிறது, அதில் கால் வைத்துவிட்டார். நான் அலறினேன். அப்பாதுரை, "அம்மா, நான் கால எடுத்தா இன்ஜின் செத்துடும், நீ கயித்தப் புடி" என்று கத்தினான். இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டே வண்டியை நிறுத்திப் பிடித்தான், வெள்ளம் அதைப் பக்கவாட்டில் தள்ளுவது எங்களுக்குத் தெரிந்தது. நான் கதவில்லாத பக்கமாக வெளியே தாவி முன்மூடி மேல் குப்புற விழுந்து கயிற்றைப் பிடித்தேன், ஒருத்தி இழுக்கிற பாரமா அது. அம்சா தன் குழந்தையைக் குழலியின் மார்பில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து விழுந்தாள். இரண்டு பேரும் இழுத்தோம், அவள் உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறெல்லாம் ரத்தம், விடவில்லை. முதலில் உன் அப்பாவின் கை வந்து கம்பியைப் பிடித்தது, பிறகு தலை வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்ன முதல் வார்த்தை, "இந்தப் பக்கம் பள்ளம், சோத்துக்கைப் பக்கமா ஓட்றா" என்பதுதான். அவர் காணாமல் போன இடத்தில் எங்கள் சக்கரம் இறங்கியிருந்தால் இந்தக் கடிதம் எழுத ஆள் இல்லை.

கரை ஏறியதும் அப்பாதுரை வண்டியை ஓரம் கட்டிப் பெல்ட்டை மாட்டினான். தார் ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்தன, வயலில் இறக்கிச் சுற்றிக்கொண்டு போனோம். காஞ்சிபுரத்துத் தெருக்களில் தறிக்குழிகளிலிருந்து ஜனங்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள், நெசவுப் பாவு நூலைச் சுருட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே நின்றது, எங்களைப் பார்த்து வழி விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் குழலியைத் தூக்கிப் போன கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம், இன்னும் தாமதித்திருந்தால் என்று லேடி டாக்டர் ஆரம்பித்தார், நான் மேலே சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அம்சாவின் பெண்தான் எங்களை உயிரோடு கொன்றாள். ஊசி போட்டும் அன்று முழுக்கக் கண் திறக்கவில்லை. மறுநாள்தான் திறந்து கஞ்சி கேட்டாள். அப்போதுதான் உன் அப்பா, தோள் நழுவிப் போன வலிக்குக்கூட அழாதவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். முதல்லே இந்தப் புள்ளய ஏத்த வேண்டாம்னு சொல்லிட்டேனே என்று என்னிடம் மட்டும் சொன்னார். அம்சாவின் கைக்கு நான்தான் மருந்து போட்டேன்.

அந்தக் காரை நான் குறை சொல்லவில்லை, தார் ரோட்டில் அதுதான் ராஜா. ஆனால் நாம் இருக்கும் இடம் ஓடைக்கு இந்தப் பக்கம். இந்த ஜீப் பெட்ரோலைக் குடிக்கிறது, கித்தான் ஒழுகுகிறது, ஏறி இறங்கினால் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. இருந்தாலும் தண்ணீர் வடிவதற்குள் இன்னும் எத்தனையோ பேரைப் பள்ளிக்கூடத்து மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதனால் இதை மாற்றி வேறு வாங்கச் சொல்லி எழுதாதே.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டை இல்லாமல் இராத்திரி ஷிப்டுக்குப் போகாதே, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடாதே. குழந்தை உன் ஜாடை, நெற்றி மட்டும் குழலி. நீ வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாள், இந்த ஒரு விஷயத்துக்காவது லீவு கேள். நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடு, குறைவில்லாமல் வாழ அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் ஒன்று. கட்டுப் போட்ட கையோடு உன் அப்பா ஜீப் ஓட்டக் கற்றுக்கொள்கிறார், நேற்று நேராகக் கொண்டுபோய் வைக்கோல் போரில் விட்டார். நீ வரும்போது காஞ்சிபுரம் ஸ்டேஷனுக்குத் தானே ஓட்டி வந்து அழைத்துக்கொள்வதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ எந்த ரயிலில் வருகிறாய் என்று எனக்கு மட்டும் எழுது, சத்தம் போடாமல் பஸ் பிடித்து வந்துவிடு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா
து. லோகாம்பாள்