விட்டுவைத்த ஏழு

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? இரண்டு வருடமாக அண்ணி வழியாகத்தான் உன் நலம் எனக்குத் தெரிகிறது. குளத்தோரம் மான்கள் மறுபடி செத்து விழுகின்றன என்று அவர்தான் சொன்னார்.

போன முறை இந்த வைரஸ் வந்தபோது, மிஞ்சிய கூட்டத்தையும் சுட்டுவிடலாம் என்று கையெழுத்துப் போட்டவள் நான். காட்டுக் காவலன் நீ, சுட்டாய். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஏன் என்று கேட்க எனக்கும் வாயில்லை.

இந்த முறையும் சுடலாமா என்று வனத்துறையினர் எங்கள் ஆய்வகத்திடம்தான் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். பத்து நாள் அவகாசம். அதற்குள் உயிரோடிருக்கும் மான்களின் ரத்தம் வேண்டும். குழாய்களை அனுப்பியிருக்கிறேன். எனக்காக வேண்டாம், அதுகளுக்காகச் செய்.

உன் தங்கை

செப்டம்பர் 8

தங்கைக்கு,

கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். “முதல்ல படிங்க, அப்புறம் கிழிங்க” என்று உன் அண்ணி பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

காய்ச்சல் தாங்காமல் தண்ணீருக்குள் போய் நிற்கின்றன. நாக்கு நீலமாக வீங்கித் தொங்குகிறது, குடிக்க முடியவில்லை. கரையில் இதுவரை பதினாறு.

அன்று உன் கை பேனா பிடித்தது, என் கை துப்பாக்கி பிடித்தது. அது உனக்குப் புரிகிற வரை பேசுவதில்லை என்றிருந்தேன்.

கால்நடை மருத்துவரோடு போய் மயக்க ஊசி போட்டு, பதினோரு மான்களிடம் ரத்தம் எடுத்தாயிற்று. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறுபத்திரண்டு சுட்டதாக அன்று எழுதிக் கொடுத்தேன். சுட்டது ஐம்பத்தைந்துதான். காய்ச்சலில் விழுந்து, தானாக எழுந்து நின்ற ஏழு மான்களைச் சுட மனசு வரவில்லை. பாறை மேட்டுக்குப் பின்னால் விரட்டிவிட்டேன். அவற்றை எனக்கு இன்றும் அடையாளம் தெரியும்; அவற்றில் ஐந்தின் ரத்தம் சிவப்பு மூடிக் குழாய்களில் இருக்கிறது. வேலை போனால் போகட்டும்.

அண்ணன்

செப்டம்பர் 13

அண்ணா,

அந்த ஐந்தின் ரத்தத்திலும் நோய் எதிர்ப்பு இருக்கிறது. சீம்பால் வழியாக அவற்றின் குட்டிகளுக்கும் கொஞ்ச காலத்துக்கு வந்திருக்கும். சாவதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்த, இந்த நோயையே பார்க்காத மான்கள். நோயைப் பரப்புவது கடிக்கும் பொடிப்பூச்சி. மானைச் சுட்டால் அது நிற்காது. தாங்கப் பழகிக்கொண்டிருந்த கூட்டத்தைத்தான் நாம் சுட்டோம்.

நாம் என்று எழுதிவிட்டேன். நான்.

அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்: முந்தைய பரிந்துரை தவறு, பொறுப்பு என்னுடையது. “அந்த அஞ்சும் எப்படிம்மா தப்பிச்சுது?” என்று இயக்குநர் கேட்டார். “தெரியல சார்” என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

சுட வேண்டாம் என்று உத்தரவு வந்துவிட்டது.

தங்கை

நவம்பர் 2

அன்புள்ள தங்கைக்கு,

எனக்காக நீ பொய் சொன்னது உறுத்தியது. நானே போய் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “ஏய்யா, இதை இப்ப யாருய்யா கேட்டா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மரக்கிடங்கு வாசலுக்கு மாற்றிவிட்டார். லாரி வந்தால் சீட்டைப் பார்த்துக் கதவு திறக்கும் வேலை. இங்கே ஒரு மானும் கண்ணில் படாது.

குளிர் இறங்கியதும் பூச்சி ஒழிந்தது. மொத்தம் முப்பத்தொன்று போய்விட்டன. நேற்று, என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் காவலர் சைக்கிளில் வந்து, “அண்ணே, குட்டிங்க நல்லா மேயுதுங்க. மொத்தம் நாப்பதுக்கு மேல எண்ணினேன்” என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். எதிரே நின்ற லாரிக்காரர் ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தார்.

அந்த ஐம்பத்தைந்தும் திரும்பி வராது. அது உனக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. காலை பஸ்ஸில் வா, நிறுத்தத்தில் நிற்கிறேன்.

உன் அண்ணன்