கண்ணாடிக் கதவுக்குள் நம் வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் கை வீக்கம் வடிந்ததா? விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா பெயருக்கு அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடு.

பயப்படாதே, சின்ன விஷயம்தான். இங்கிலீஷ் டீச்சர் வாராவாரம் புதுச் சொற்கள் தருவார். அவற்றை வைத்து அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும். இந்த வாரம் 'வீட்டில் ஒரு மாலை'. மற்றவர்கள் பாடப்புத்தகக் குடும்பத்தையே காப்பியடித்தார்கள். அப்பா பேப்பர் படிப்பார், அம்மா டீ தருவாள். தட்டு, சுவர், எறிவது, பொறுக்குவது என்ற சொற்களைப் பார்த்ததும் எனக்கு நம் வீடுதான் நினைவுக்கு வந்தது. எழுதிவிட்டேன்.

"அடேயப்பா, என்ன கற்பனைடி உனக்கு!" என்று டீச்சர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கண்ணாடிக் கதவைப் பூட்டிவிட்டார்.

"வேண்டாம் டீச்சர், எடுத்துடுங்க."

"போடி, ஞாயித்துக்கிழமை உங்கப்பா வந்து பாக்கட்டும். பூரிச்சுப் போயிடுவாரு."

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும். படித்தால் அடி உனக்குத்தான் விழும். அதனால் நீ மட்டும் வா. தலைக்கு எண்ணெயும் நாலு ஊக்கும் கொண்டு வா.

உன்மேல் எனக்குக் கோபம்தான். என்னை இங்கே தள்ளிவிட்டு நீ மட்டும் ஏன் அங்கேயே கிடக்கிறாய்?

மீறி அவரும் வந்தால், எல்லாம் கற்பனை என்று சொல்லிவிடுகிறேன். நீயும் அப்படியே சொல். கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பழகியவள்தானே நீ.

வார்டன் செருப்புச் சத்தம் கேட்கிறது.

உன் மகள்