ஆரஞ்சுப் பை

மார்ச் 3, செவ்வாய்

ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்க இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கல்யாணத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் வீட்டு வாண்டுக்குக் கொட்டை வகை எதுவும் ஆகாது. வேர்க்கடலை, முந்திரி, பாதாம் எல்லாமே. துளி பட்டாலும் உதடு வீங்கி மூச்சு முட்டும். அதனால் பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை நம்பக் கூடாது, முதுகைத் திருப்பிக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். அதற்கும் கீழே பொடி எழுத்தில், இதே ஆலையில் கொட்டைகளும் கையாளப்படுகின்றன என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். போன வாரம் வாங்கிய அதே பிஸ்கட் என்றாலும் மறுபடி படிக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் சேர்மானத்தை மாற்றிவிடுவார்களாம். எல்லாம் அவள் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதிக்கிறவன் நான். இன்று என் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டை மூக்கோடு ஒட்டவைத்துப் படித்ததைப் பார்த்து வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "லேபிள்! போதும் வாங்க, அது வெறும் பிஸ்கட்!"

லேபிள். பேர் வைத்துவிட்டாள். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் அவளுக்கு வெறும் 'இங்க பாருங்க'தான். அப்பா என்று கூப்பிடச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். லேபிளே போதும்.

பஸ்ஸில் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். பிஸ்கட்டை வைத்தேன். பார்க்காமலே வாயில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மார்ச் 9, திங்கள்

வாண்டு எங்கே போனாலும் கூடவே போகும் மருந்துப் பையைப் பார்க்கச் சகிக்கவில்லை. துணி நைந்து, ஜிப் பல்லிளிக்கிறது. இன்று ஆரஞ்சு நிறத்தில் புதிது ஒன்று வாங்கினேன். வெயிலில் மருந்து சூடாகாதபடி உள்ளே தனி உறை. ஈரத்தாளுக்கு ஒரு அறை. (கைக்குத் தடவும் ஜெல் கிருமியைத்தான் கொல்லும், கடலையை ஒன்றும் செய்யாது. துடைத்தால்தான் போகும். இதுவும் பாடம்தான்.)

மனைவிக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. "பழசே போதுமே. எது எங்க இருக்குன்னு என் கைக்குத் தெரியும்."

"ஜிப் இளிக்குது பாரு."

"இளிச்சா இளிச்சிட்டுப் போகட்டும்."

ஆனால் வாண்டு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்று சுற்றினாள். கட்சி ஜெயித்துவிட்டது.

மார்ச் 14, சனி

நாளை மனைவிக்கு ஆபீசில் பயிற்சி வகுப்பு. முதல் தடவையாக வாண்டை என்னிடம் நாள் முழுக்க விட்டுப் போகிறாள். சாயங்காலம் மறுபடி ஊசிப் பேனா பாடம். கொட்டை பட்டு மூச்சு முட்டினால் உடனே குத்த வேண்டிய மருந்து ஊசி, பேனா வடிவில் இருக்கும். பழகுவதற்கென்று ஒரு பொய்ப் பேனா இருக்கிறது. அதே நீளம், அதே கிளிக் சத்தம், உள்ளே ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. "தொடையில வச்சு அழுத்துங்க. உடனே எடுத்துடாதீங்க. அப்புறம் ஆம்புலன்ஸ்."

என் தொடையிலேயே குத்திக் குத்திப் பழகினேன். வாண்டு செத்தவள் மாதிரி சோபாவில் விழுந்து, "லேபிள், காப்பாத்துங்க!" என்று நடித்தாள். பிறகு சாமான்களைப் புதுப் பைக்கு நானே மாற்றினேன்.

"எல்லாம் சரியா வச்சிட்டீங்களா?"

"வச்சாச்சு, வச்சாச்சு."

மார்ச் 15, ஞாயிறு

குழந்தை பிழைத்துவிட்டாள். இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 16, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

பூங்காவில் ஊஞ்சலாடும்போது வாண்டு ஒரு சிநேகிதியைப் பிடித்தாள். தாகத்துக்கு அந்தப் பெண்ணின் பாட்டிலை வாங்கிக் குடித்திருக்கிறாள். அந்தப் பெண் அதற்குச் சற்று முன்புதான் வேர்க்கடலை தின்றாளாம். யாரைச் சொல்லி என்ன? வாண்டு என்னிடம் ஓடி வந்தபோதே உதடு தடித்திருந்தது. இருமல். கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவப்பு. எனக்குப் பயமே இல்லை. அதைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். நான் தயாராக இருந்தேன்! பையைத் திறந்தேன், பேனாவை எடுத்தேன், தொடையில் வைத்து அழுத்தினேன். கிளிக்.

அவள் அழவில்லை. ஊசி குத்தினால் அழ வேண்டாமா? மறுபடி அழுத்தினேன். கிளிக். திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் பெரிய எழுத்தில், 'பயிற்சிக்கு மட்டும்'.

பெரிய எழுத்துதான். நிறம்கூட வேறு. பிஸ்கட் பாக்கெட்டை மூக்கில் ஒட்டிவைத்துப் படித்தவன், குழந்தை உயிரை வைத்திருக்கிற பேனாவைப் படிக்கலையே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பாத்திருந்தா என்னடா உனக்கு?

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், பக்கத்துத் தெருவில் இருந்ததால் உடனே வந்து சேர்ந்தது. ஊசி போட்டார்கள். போகும் வழியில் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அது விளையாட்டுப் பேனாவா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

மார்ச் 19, வியாழன்

நிஜப் பேனா பழைய பைக்குள்ளேயே, சமையலறை இழுப்பறையில் இருந்தது. மனைவி எடுத்து வந்து மேசையில் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானும் திறந்து பாத்திருக்கணும்," என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

மறுபடி 'இங்க பாருங்க' ஆகிவிட்டேன்.

மார்ச் 28, சனி

அதே கடை, அதே பிஸ்கட். நான் படித்து முடித்ததும் வாண்டு கையை நீட்டினாள். சந்தோஷமாகப் பிரிக்கப் போனேன். "பிரிக்காதீங்க, குடுங்க." வாங்கித் திருப்பி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். அரை வாக்கியத்தில் திணறினாள், என்னிடம் கேட்கவில்லை. பிறகு, "அம்மாகிட்டயும் காட்டிட்டுச் சாப்பிடறேன்," என்றாள்.

நல்ல பழக்கம் என்று மனைவி சொன்னாள். நல்ல பழக்கம்தான். எட்டு வயசுக் குழந்தை பிஸ்கட்டைப் பார்த்தால் நாக்கில்தானே எச்சில் ஊற வேண்டும்? இவளுக்கு நெற்றி சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் போன மாதம் இல்லை. நான் கொடுத்தது.

ஏப்ரல் 6, திங்கள்

ஆரஞ்சுப் பையைக் குப்பையில் போடப் போனேன். மனைவி பிடுங்கிக்கொண்டாள். "பை என்ன பண்ணுச்சு உங்கள?"

பொய்ப் பேனா இப்போது என் கடையில், உடைந்த பிரேம்கள் போடும் டப்பாவில் இருக்கிறது. வீட்டில் அது வேண்டாம் என்று நான்தான் எடுத்துப் போனேன். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

மனைவிக்கு மறுபடி பயிற்சி வகுப்பு. போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் முகத்தில் ஈயாடவில்லை.

வாண்டுதான் பையை மேசையில் கவிழ்த்தாள். பேனாவை எடுத்து மருந்தின் பெயரை உரக்கப் படித்தாள், தேதியைப் படித்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "மருந்து கலங்கல, தெளிவா இருக்கு," என்றாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "இப்ப நீங்க."

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுந்து நின்று படித்தேன். விழுங்கிவிட்ட ஒரு சொல்லைத் திருப்பிப் படிக்க வைத்தாள். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.

பூங்காவுக்குப் போனோம். பையை நான் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வேணாம், என்கிட்டயே இருக்கட்டும்," என்று தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் உயரத்துக்கு அது பெரிய பை. நடக்கும்போது முட்டியில் இடித்தது. நான் வாங்கியதுதான்.

தெருமுனையில் வண்டிகள் விரைந்துகொண்டிருந்தன. எதிர்ச் சாரியில் ஒரு நாய்க்குட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமலே, கையை மட்டும் நீட்டினாள்.